கழுத்தில் தகடு இருந்தும் கல்லறையில் ஏன் பெயர் இல்லை?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வீரர்கள் சாகும் சண்டையில், செத்தது யார் யார் என்று ராணுவம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொருவர் கழுத்திலும் பெயர் பொறித்த தகடு தொங்குகிறதே, பிறகு ஏன் பெயர் தெரியாத வீரர்களுக்கென்று இத்தனை கல்லறைகள்? அரசாங்கம் சொல்கிற சாவுக் கணக்கை நம்பலாமா? கடைசியாக, தகட்டின் ஓரத்தில் இருக்கும் வெட்டு பிணத்தின் பல்லிடுக்கில் செருகுவதற்குத்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கையில் ஓர் உடல் இருக்கிறது, இது யார்? இது ஒன்று. பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது, இந்த ஆள் எங்கே? இது இன்னொன்று. முதலாவதற்கு மருத்துவரும் ஆய்வகமும் பதில் சொல்லப் பார்ப்பார்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் எழுத்தர்கள்தான். இரு தரப்பும் நடுவில் எங்காவது சந்தித்தால் கல்லறையில் பெயர் ஏறும். சந்திக்காவிட்டால் இந்தப் பக்கம் பெயரில்லாத உடலும் அந்தப் பக்கம் உடலில்லாத பெயரும் மிஞ்சும். இத்தனை வருட அனுபவத்தில் எனக்குப் பிடிபட்டது என்னவென்றால், சந்திப்பு நடக்குமா நடக்காதா என்பதைப் பெரும்பாலும் முதல் சில நாட்களில் யாரோ ஒருவர் எழுதி வைத்த குறிப்புதான் தீர்மானிக்கிறது. ஆய்வகம் அதன் பிறகுதான்.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. தடயவியல் மருத்துவம் படித்து, அடையாளம் தெரியாத எலும்புகளைப் பார்த்து அறிக்கை எழுதுவதைத் தொழிலாகச் செய்கிறவன். எலும்பு மேசைக்கு வந்த பிறகு நடப்பதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். களத்தில் நடப்பதைச் சொல்வது ஆவணங்களைப் படித்த அறிவு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

சண்டை ஓய்ந்ததும் முதல் வேலை ஆள் எண்ணுவது. பிணம் தேடுவதெல்லாம் அப்புறம். கம்பெனி என்ற சிறு படைப்பிரிவின் பெயர்ப்பட்டியலை எடுத்து வாசிப்பார்கள். குரல் வராத பெயருக்கு எதிரே ஏதாவது எழுதியாக வேண்டும்: சண்டையில் இறந்தார், காயம்பட்டுப் பிறகு இறந்தார், காயம், கைதி, காணவில்லை. ‘காணவில்லை’ என்பதைச் சாவுக்கு நாசூக்காக வைத்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கணக்கெழுதுகிறவரின் சொல். அந்த ஆள் செத்திருக்கலாம், எதிரியிடம் பிடிபட்டிருக்கலாம், வேறொரு படைப்பிரிவின் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் போய் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கலாம், ஓடியும் போயிருக்கலாம். எது என்று தெரியும்வரை பெயர் அந்தக் கட்டத்திலேயே நிற்கும்.

அந்தக் கட்டத்திலிருந்து பெயரை நகர்த்துவது சாட்சி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் இதற்கென்றே ஒரு விசாரணைப் பிரிவு வைத்திருந்தது. தொண்டர்கள் காணாமல் போனவர்களின் பட்டியலோடு ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போய், கட்டிலில் கிடக்கும் காயக்காரர்களிடம் இன்னாரைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதி வந்தார்கள். ஆஸ்திரேலிய வீரர்களுக்காக வேரா டீக்கின் என்ற பெண்மணி முதலில் கெய்ரோவிலும் பிறகு லண்டனிலும் இப்படி ஓர் அலுவலகம் நடத்தினார். அந்தக் கோப்புகள் இன்றும் இருக்கின்றன. படித்தால் தலை சுற்றும். ஒரே ஆளை ஒருவர் நெட்டை என்பார், இன்னொருவர் குட்டை என்பார். தோட்டா பட்டு விழுந்தார் என்று ஒருவர், குண்டு வெடித்துச் சிதறிப்போனார் என்று இன்னொருவர். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. புகைக்கும் பயத்துக்கும் நடுவே பார்த்ததைப் பல வாரம் கழித்துச் சொன்னார்கள், அவ்வளவுதான். எதிரியிடம் பிடிபட்டவர்களுக்கு வேறு வழி. 1914-இல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு ஜெனீவாவில் போர்க்கைதிகளுக்கான தகவல் நிலையம் ஒன்றைத் திறந்து, இரு தரப்பும் அனுப்பிய பட்டியல்களை அட்டைகளாக எழுதி அடுக்கியது. போர் முடிவதற்குள் அட்டைகள் 70 லட்சத்தை எட்டிவிட்டன. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ராத் அருங்காட்சியகக் கட்டடத்தில் உட்கார்ந்து கையால் செய்த வேலை.

இனி தகட்டுக்கு வருவோம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவம் அப்படி எதையும் கொடுக்கவில்லை. பெரிய தாக்குதலுக்கு முன்னால் வீரர்கள் தாங்களாகவே பெயரையும் ஊரையும் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். தேசியக் கல்லறைகளில் புதைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 100-க்கு 40 பேருக்குப் பெயர் தெரியாமலே போனது. 1870-இல் பிரான்சுடன் போருக்குப் போன பிரஷ்யப் படை அடையாள வில்லையோடு போனது. அமெரிக்க ராணுவம் 1906-இலும் பிரிட்டிஷ் ராணுவம் 1907-இலும் ஆளுக்கு ஒரு வில்லை கொடுக்க ஆரம்பித்தன.

ஆளுக்கு ஒன்று என்பதில்தான் வினை இருந்தது. ஒருவர் செத்துவிட்டார் என்று அலுவலகத்துக்குத் தெரிவிக்க அவர் கழுத்து வில்லையைக் கழற்றி எடுத்துப் போக வேண்டும். எடுத்துப் போனார்கள். சாவு முறையாகப் பதிவானது, வீட்டுக்குத் தகவலும் போனது. இரண்டு வாரம் கழித்துப் புதைக்க வந்தவர்களுக்கு முன்னால் கிடந்ததோ பெயரில்லாத உடல். சோம் நதிக்கரைச் சண்டை தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, 1916 செப்டம்பரில்தான் பிரிட்டிஷ் ராணுவம் இரட்டை வில்லைக்கு மாறியது. பச்சை நிறத்தில் எட்டு மூலையுள்ளது உடலோடு இருக்கும். சிவப்பு வட்டம் அலுவலகத்துக்குப் போகும். அதிலும் ஒரு குறை. அவை அழுத்திச் செய்த நார் வில்லைகள். ஈர மண்ணில் சில ஆண்டுகளில் மக்கிவிடும். ஜெர்மானியர்களுடையது உலோக நீள்வட்டம். நடுவில் துளைவரிசை இருக்கும். பாதியை ஒடித்து எடுத்துக்கொண்டு மறுபாதியை உடலிலேயே விட்டுவிடலாம். அதில் பல இன்றும் எழுத்து அழியாமல் மண்ணிலிருந்து கிடைக்கின்றன.

சோவியத் ராணுவத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். எபோனைட் என்ற கருப்புக் கெட்டி ரப்பரில் திருகுமூடி போட்ட சிறு குப்பி. உள்ளே ஒரு தாளில் விவரங்களை வீரனே எழுதிச் சுருட்டி வைக்க வேண்டும். அதை நிரப்பினால் சாவு வரும் என்று பலர் நம்பினார்கள். வெற்றுத் தாளைச் சுருட்டி வைத்தவர்கள் உண்டு, தாளை எறிந்துவிட்டுக் குப்பியில் தையல் ஊசி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 1942 நவம்பரில் அந்தக் குப்பியையே ராணுவம் நிறுத்திவிட்டது. இன்று ரஷ்யாவின் காடுகளிலும் சதுப்புகளிலும் தன்னார்வலர்கள் தோண்டி எடுக்கும் எலும்புக்கூடுகள் பெரும்பாலும் பெயரில்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குப்பி கிடைத்தாலும், உள்ளே தாள் இருந்து, தாளில் எழுத்து இருந்து, நீர் இறங்காமலும் இருந்திருக்க வேண்டும்.

சரி, தகடு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது எதை நிரூபிக்கிறது? இந்த எலும்புகளுக்குப் பக்கத்தில் இந்தப் பெயர் இருந்தது என்பதை மட்டும்தான். செத்த நண்பனின் தகட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தவரும் சாகலாம். பீரங்கிக் குண்டு ஒரே பள்ளத்தில் மூன்று பேரைக் கலந்துவிடலாம். 2018-இல் வட கொரியா, கொரியப் போரில் இறந்த அமெரிக்கர்களுடையது என்று 55 பெட்டிகளை ஒப்படைத்தது. பெட்டிக்கு ஓர் ஆள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆய்வகத்தில் திறந்து பார்த்தால் சுமார் 250 பேருடைய எலும்புகள். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த கழுத்துத் தகடு ஒன்றே ஒன்று. ஆகவே எங்கள் தொழிலில் தகடு என்பது ஒரு நல்ல துப்பு. யாருடைய குடும்பத்தை, எந்தப் பல் மருத்துவ அட்டையை முதலில் தேட வேண்டும் என்று அது காட்டும். தீர்ப்பை அதை வைத்து எழுத மாட்டோம்.

முதல் உலகப் போருக்கு முன்புவரை சாதாரணச் சிப்பாயின் கல்லறை பற்றி ஐரோப்பிய ராணுவங்கள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. அதிகாரிகளுக்குக் கல், மற்றவர்களுக்குக் குழி. அதை மாற்றியதில் ஃபேபியன் வேர் என்ற மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. 1914-இல் செஞ்சிலுவை வாகனப் பிரிவோடு பிரான்சுக்குப் போனவர், எங்கே யாரைப் புதைத்தார்கள் என்பதை யாருமே எழுதி வைக்கவில்லை என்று கண்டு தானே குறிக்க ஆரம்பித்தார். அது 1915-இல் ராணுவத்தின் கல்லறைப் பதிவுப் பிரிவாகி, 1917 மே மாதம் அரச சாசனத்தோடு தனி ஆணையமாயிற்று. போர் முடிந்த பிறகு வெறும் வயலில் உடல் தேடும் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளங்கள் எனக்கு மறக்கவே மறக்காது. மண்ணில் குத்தி நிற்கும் துப்பாக்கி அல்லது குச்சி. எலி வளை வாயில் கிடக்கும் சிறு எலும்பு, துணித் துண்டு. மற்ற இடத்தைவிட நீலம் பாய்ந்த அடர்பச்சையாக வளர்ந்திருக்கும் புல். கரும்பச்சையாகவோ சாம்பலாகவோ நிறம் மாறித் தேங்கிய நீர். தோண்டியதும் கழுத்தைப் பார்ப்பார்கள், பையைப் பார்ப்பார்கள், பூட்ஸின் உள்பக்கம் பார்ப்பார்கள். சிப்பாய்கள் தங்கள் எண்ணைக் குத்தி வைத்திருந்த சாப்பாட்டுக் கரண்டியை வைத்துப் பெயர் கிடைத்தவர்கள் உண்டு. இத்தனை செய்தும் பிரான்சின் தியெப்வால் நினைவுச் சின்னத்தில் 72,000-க்கும் மேல், பெல்ஜியத்தின் மெனின் வாயிலில் 54,000-க்கும் மேல் பெயர்கள் கல்லறை இல்லாமல் சுவரில் நிற்கின்றன.

எழுதி வைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் உதாரணம் ஃபாக்லாந்துத் தீவுகள். அந்தத் தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 போர் முடிந்த பிறகு அர்ஜென்டினா வீரர்கள் பலர் செத்த இடத்திலேயே அவசரக் குழிகளில் கிடந்தார்கள். பெரும்பாலும் கட்டாயப் படைச்சேவைக்கு வந்த இளைஞர்கள். பலரிடம் தகடு இல்லை. 1983-இல் ஜெஃப்ரி கார்டோசோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அவர்களைத் தேடி எடுத்து அந்தத் தீவிலேயே டார்வின் என்ற ஊரருகே ஒரே இடத்தில் புதைத்தார். எதிரி நாட்டுப் பிணங்கள், பாதிக்கு மேல் பெயரில்லை, கேட்பாரும் இல்லை. அவர் நினைத்திருந்தால் மண்ணை மூடிவிட்டு வந்திருக்கலாம். ஒவ்வோர் உடலையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல உறைகளில் சுற்றி, எங்கே எடுத்தது என்பதை அழியாத மையில் எழுதி, கூடக் கிடைத்த பொருட்களைக் குறித்து, எல்லாவற்றையும் ஓர் அறிக்கையாக வைத்தார். டிஎன்ஏ வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 34 ஆண்டுகள் கழித்து, 2017-இல், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் நிபுணர்கள் ‘கடவுள் மட்டுமே அறிந்த அர்ஜென்டினா வீரன்’ என்று கல்லில் எழுதியிருந்த 121 குழிகளைத் திறந்தார்கள். உறைகள் எலும்புகளைக் கலக்காமல் காப்பாற்றி வைத்திருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் 88 பேருக்குப் பெயர் கிடைத்தது. பிறகு அது நூறைத் தாண்டியது. தொழில்நுட்பத்தின் வெற்றி என்று செய்தி போட்டார்கள். எனக்கென்னவோ அதில் பாதிப் புகழ் அந்த மை பேனாவுக்குச் சேர வேண்டும் என்றுதான் படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களில் முதலாவதன் 15, 16, 17-ஆம் பிரிவுகள் இதைப் பற்றியவை. சண்டைக்குப் பிறகு இறந்தவர்களைத் தேட வேண்டும், கொள்ளை போகாமல் காக்க வேண்டும். எதிரி வீரனாக இருந்தாலும் பெயர், எண், இறந்த தேதி, இடம் ஆகியவற்றைப் பதிந்து, இரட்டைத் தகட்டில் ஒரு பாதியோடு மறுதரப்புக்கு அனுப்ப வேண்டும். முடிந்தவரை தனித்தனியாகப் புதைக்க வேண்டும். எரிப்பது, சுகாதாரக் கட்டாயமோ இறந்தவரின் மதமோ கோரினால் மட்டும். 1977-இல் சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறை, தங்கள் உறவினருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் உரிமை குடும்பங்களுக்கு உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பின்பற்றுகிறார்களா என்றால், பரஸ்பரம் லாபம் இருக்கும்போது பின்பற்றுகிறார்கள். 2025 ஜூனில் இஸ்தான்புல் பேச்சுக்குப் பின் ரஷ்யா 6,000-க்கும் மேற்பட்ட உடல்களை உக்ரைனிடம் கொடுத்தது. ஒப்படைப்பு சில நாட்களில் முடிந்தது. அத்தனை பேருக்கும் பெயர் தேடுவது அப்படி முடிகிற வேலை இல்லை.

இனி என் மேசை. எலும்புகள் வந்ததும் நான் முதலில் செய்வது எண்ணுவது. இடது தொடையெலும்பு இரண்டு இருந்தால் குறைந்தது இரண்டு பேர். இது குழந்தைக்கும் தெரியும் கணக்கு. ஆனால் இதைச் செய்யாமல் அவசரப்பட்டு வயதும் உயரமும் எழுத ஆரம்பித்துத்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. அடுத்து ஆணா பெண்ணா, வயது, உயரம், பழைய முறிவுகள், பல். போர்க்களத்து எலும்புகளில் வயது சொல்வது ஒரு வகையில் எளிது, ஒரு வகையில் வயிற்றெரிச்சல்: பெரும்பாலும் எல்லோரும் 18-க்கும் 30-க்கும் நடுவில். தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறையெலும்பின் நெஞ்சுப்பக்க முனை உடம்பிலேயே கடைசியாகச் சேரும் முனைகளில் ஒன்று. 30 வயதை ஒட்டித்தான் முழுதாக இணையும். அது திறந்திருந்தால் ஆள் இளைஞன் என்று தைரியமாகச் சொல்லலாம். எவ்வளவு இளைஞன் என்பதில்தான் கவனம் வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் ஒருமுறை அந்த முனையைப் பார்த்துவிட்டு 19 முதல் 22 என்று குறுக்கி எழுதினேன். உண்மையான ஆளுக்கு வயது 25. என் அறிக்கையை நம்பி அவர் பெயரைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார்கள். மறுபடி அது மேலே வர எட்டு மாதம் ஆயிற்று. அகலமாக எழுதினால் விவரம் போதாது என்று திட்டுவார்கள், அவ்வளவுதான். குறுக்கி எழுதினால் ஒரு ஆளே தொலைந்துபோவார்.

உயரத்துக்கும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களை ஹவாயில் அளந்து மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி உருவாக்கிய சூத்திரங்கள் 1952-இல் வெளிவந்தன. உலகம் முழுக்க நாங்கள் அதில்தான் பாடம் படித்தோம். 1990-களில் ஒருவர் பழைய எலும்புகளை மறுபடி அளந்து பார்த்தபோது, கணுக்கால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை விட்டுவிட்டு ட்ராட்டர் முழங்கால் கீழெலும்பை அளந்திருக்கிறார் என்று தெரிந்தது. அளவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைவு. சூத்திரத்தில் போட்டால் ஆள் சில சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவார். மகா கவனமான விஞ்ஞானி அவர். தவறு அப்படிப்பட்டவர்களுக்கும் நேரும்.

பல் அட்டை இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடைப்பின் வடிவம், பிடுங்கிய இடம், வேரின் வளைவு எல்லாம் சேர்ந்தால் விரல்ரேகை மாதிரி. ஆனால் அந்த அட்டை உயிரோடு இருந்தபோது யாரோ எழுதியிருக்க வேண்டும், அது எரியாமல் இருக்கவும் வேண்டும். எதிர்பாராத இடத்திலிருந்தும் உதவி வரும். கொரியப் போர்க்கால அமெரிக்க வீரர்களுக்குச் சேரும்போதே காசநோய் இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தில் நுரையீரலோடு காறையெலும்பும் விழும். அதன் வளைவு ஆளுக்கு ஆள் வேறு. ஹவாயில் புதைத்திருந்த பெயரில்லாத கொரியப் போர் உடல்களில், பதப்படுத்தத் தூவிய ஃபார்மால்டிஹைடு தூள் டிஎன்ஏவைக் கெடுத்துவிட்டிருந்தது. அதனால் ஆய்வாளர்கள் அந்தப் பழைய காசநோய்ப் படங்களைத் தேடி எடுத்து, எலும்பை அதே கோணத்தில் படம் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். நுரையீரலுக்காக எடுத்த படம், அறுபது வருடம் கழித்துத் தோளுக்குப் பயன்பட்டது.

டிஎன்ஏ பற்றி ஒரு மிகையான நம்பிக்கை இருக்கிறது. பழைய எலும்பில் எளிதாகக் கிடைப்பது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. அது தாய்வழி மட்டும் வரும். ஆகவே ஒப்பிட அம்மா, உடன்பிறந்தவர், அக்கா தங்கை பிள்ளைகள் என்று அந்தக் கொடியில் யாராவது வேண்டும். இறந்தவரின் சொந்த மகன் இதற்கு உதவ மாட்டார். பொருந்தவில்லை என்றால் இவர் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்தினால், இவராக இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் சில வகைகள் ஒரே ஊர்ப்பட்டாளத்தில் பலருக்கும் இருக்கும். அதோடு பல், வயது, களத்தில் எங்கே கிடைத்தது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் பெயர். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏ கிடைத்தால் நிலைமை வேறு. அதன் பொருத்தத்தை மறுப்பது கடினம். அமெரிக்கா 1992 முதல் ஒவ்வொரு வீரரிடமும் ரத்தத் துளி எடுத்து அட்டையில் காயவைத்துச் சேமிப்பதால், அவர்கள் ராணுவத்தில் இனி பெயரில்லாத வீரன் உருவாவது அரிது.

கலந்த எலும்புகளுக்கு ‘ஓக்லஹோமா’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைப் பாருங்கள். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 429 பேர். யார் கப்பலில் இருந்தார்கள் என்ற பட்டியல் முழுமையாகக் கையில் இருந்தது. ஆனால் உடல்களை முழுதாக எடுத்து முடிக்க இரண்டரை ஆண்டுகள் ஆயிற்று. அதற்குள் எல்லாம் எண்ணெயிலும் சேற்றிலும் கலந்துவிட்டன. ஆரம்ப ஆண்டுகளில் 35 பேருக்குத்தான் பெயர் கிடைத்தது. 2003-இல், பெயரில்லாமல் புதைத்திருந்த சவப்பெட்டிகளில் ஒன்றைத் திறந்தபோது அதற்குள் ஏறத்தாழ நூறு பேருடைய எலும்புகள் இருப்பது தெரிந்தது. 2015-இல் எல்லாப் பெட்டிகளையும் எடுத்து, ஆறு ஆண்டுகளில் தேட வேண்டியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் பெயர் கண்டுபிடித்தார்கள். பட்டியல் மூடியது என்பதுதான் அங்கே பெரிய சௌகரியம். விடை இந்தப் பெயர்களுக்குள்தான். எந்தப் பட்டாளம் எங்கே இருந்தது என்றே தெரியாத திறந்த களத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. இப்படிப்பட்ட வேலைகளில் குடும்பத்திடம் ஒரு படிவம் நீட்டுவார்கள்: இப்போது கிடைத்ததை அடக்கம் செய்த பிறகு இன்னொரு துண்டு கிடைத்தால் உங்களுக்குச் சொல்லவா, வேண்டாமா? அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலை என்னுடையதாக இல்லாததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

அறிவியலே ஒருவர் பெயரை அழித்த கதையும் உண்டு. 1972 மே மாதம் வியட்நாமில் அன் லாக் அருகே மைக்கேல் பிளாஸி என்ற அமெரிக்க விமானியின் விமானம் சுடப்பட்டு விழுந்தது. சில மாதம் கழித்து அந்த இடத்தில் ஆறு எலும்புகளும், விமானி உடைத் துண்டுகளும், அவருடைய அடையாள அட்டையும் கிடைத்தன. அட்டை வழியில் எங்கோ தொலைந்தது. ஆய்வகத்தில் எலும்பை வைத்து மதிப்பிட்ட வயதும் உயரமும் பிளாஸியோடு ஒத்துப்போகவில்லை. ரத்த வகையும் பொருந்தவில்லை என்றார்கள். 1980-இல் அவர் பெயரை எடுத்துவிட்டு ‘எக்ஸ்-26’ என்று எண் போட்டார்கள். 1984-இல் அதே எலும்புகளை ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் வியட்நாம் போரின் பெயரறியா வீரனாக அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 1998-இல் வெளியே எடுத்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை அம்மாவோடும் தங்கையோடும் ஒப்பிட்டபோது, அவர் பிளாஸிதான். களத்தில் கிடைத்த அட்டை சரியாகச் சொன்னதை மேசை தவறாகத் திருத்தியது. அந்தக் கல்லறை இப்போது காலியாக இருக்கிறது. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்லிங்கின் மகன் ஜான் விஷயத்தில் சந்தேகம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. 1915-இல் பிரான்சில் நடந்த லூஸ் சண்டையில் காணாமல் போனார், வயது 18. 1992-இல் ஐரிஷ் கார்ட்ஸ் என்ற படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு பெயரில்லாத லெப்டினன்டின் கல்லறை அவருடையது என்று பிரிட்டிஷ் கல்லறை ஆணையம் அறிவித்துப் பெயர் பொறித்தது. கிடைத்த இடம் பொருந்தவில்லை, பதவிச் சின்னம் பொருந்தவில்லை என்று சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள். வரைபடக் குறிப்பில் எழுத்தர் பிழை என்று மற்றவர்கள் விளக்கினார்கள். ஆணையம் தன் முடிவில் நிற்கிறது. எலும்பைத் திறந்து பார்க்கவில்லை. எல்லாம் காகிதத்தின் மேல் நடக்கும் வழக்கு.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். ஒழுங்கான அலுவலகம் உள்ள எந்த ராணுவமும் தன் சாவுகளைத் தனக்குள் நன்றாகவே எண்ணுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு சாவிலும் ஒரு சம்பளம் நின்று ஒரு பென்ஷன் தொடங்குகிறது. காணாமல் போனவரை எவ்வளவு காலம் காத்திருந்து இறந்தவராகக் கொள்வது என்பதும் சட்டத்தின் வேலை. அமெரிக்காவின் 1942 சட்டத்தில் அது ஓர் ஆண்டும் ஒரு நாளும். உள்ளே இருக்கும் கணக்கு வேறு, வெளியே சொல்லும் கணக்கு வேறு. எதை எப்போது சொல்வது என்பது அரசியல். ‘காணவில்லை’ என்ற கட்டம் இங்கே வசதியாகிவிடும். சோவியத் நாட்டில் காணாமல் போனவர் ஓடிப்போனவராகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் குடும்பங்கள் உதவித்தொகைக்கு அல்லாடின. இறந்த வீரர்கள் ஏறத்தாழ 87 லட்சம் என்ற அதிகாரபூர்வ எண் 1990-களில்தான் விவரமாக வெளியே வந்தது. அதன் மேல் இன்னும் சண்டை நடக்கிறது.

யாரைச் சேர்ப்பது என்பதும் எண்ணை மாற்றும். முதல் உலகப் போரில் இறந்தவர் என்று பிரிட்டிஷ் கல்லறை ஆணையம் கொள்வது 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. அதற்கு அடுத்த நாள் அதே காயத்தால் செத்தவர் கணக்கில் வர மாட்டார். ஆகவே ஒரு எண்ணைப் பார்த்தால் நான் கேட்பது: இது பெயர்ப்பட்டியலைக் கூட்டி வந்ததா, மதிப்பீடா? யாருடைய சாவை யார் எண்ணியது? பெயரோடு வரும் எண்ணைக் குறைந்தபட்சம் என்று நம்பலாம். எதிரி தரப்பில் இத்தனை பேரைக் கொன்றோம் என்று ஒரு ராணுவம் சொல்வதை நான் பொருட்படுத்துவதே இல்லை. வியட்நாமில் பிண எண்ணிக்கையையே வெற்றிக்கு அளவுகோலாக வைத்தபோது அந்த எண்கள் எப்படி ஊதின என்பது ஊரறிந்த கதை.

கடைசியாக அந்த வெட்டு. இரண்டாம் உலகப் போர் அமெரிக்கத் தகட்டில் அது இருந்தது உண்மை. பிணத்தின் முன்பற்களுக்கு நடுவில் வைத்துத் தாடையை உதைத்து மூடுவார்கள் என்பது சிப்பாய்கள் தங்களுக்குள் சொல்லிப் பரப்பிய கதை. மருத்துவப் படிவங்களில் பெயரையும் எண்ணையும் கையால் எழுதாமல் தகட்டிலிருந்தே அச்சாக ஒற்றி எடுக்க ஒரு கைக்கருவி இருந்தது. தகடு அதில் தலைகீழாகப் போய்விடாமல் சரியாக உட்காரத்தான் அந்த வெட்டு. கருவி போனது, இப்போதைய தகடுகளில் வெட்டும் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தக் கதை ஒட்டாது. எல்லாம் எரிந்து மக்கிய பிறகும் ஆளைக் காட்டிக்கொடுக்கக் கடைசிவரை மிஞ்சுவது பல்தான். அதற்கு நடுவில் தகரத்தை வைத்து உதைத்து உடைத்துவிட்டு என்னிடம் அனுப்பினால், நான் என்னத்தைப் பார்த்து எழுதுவது?